பாதரசம் படாத புத்தர் பொம்மையா?

மின்முலாம்:
பக்கத்து இழையில் மெழுகுக்கூடு அண்ணன் தீர்ப்பே எழுதிவிட்டார்: "நேபாளப் புத்தர் சிலைக்குப் பாதரசம் வைத்துச் சுட்ட முலாம் இல்லையென்றால் அது கைவினையே இல்லை, கடைப்பொம்மை." நான் மின்சாரம் பாயும் தொட்டியில் சிலையை முக்கித் தங்கமுலாம் ஏற்றும் பட்டறைக்காரன். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. மெழுகில் உருப்பிடித்து, மண் பூசி, செம்பு ஊற்றி, மாதக்கணக்கில் உளியோடு உட்கார்ந்து செதுக்கிய சிலை, கடைசி நாளில் என் தொட்டிக்குள் இறங்கினால் மட்டும் பொம்மையாகிவிடுமா?

மெழுகுக்கூடு:
ஆகிவிடும். நேபாளத்தில் பாட்டன் (லலித்பூர்) என்ற நகரத்தில் ஓக்கு பஹால் பக்கம் போய்ப் பாருங்கள். சிலை வார்க்கும் சாக்கியர் குலத்தார் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இந்த வேலைதான். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து வெண்ணெய் பதத்துக்குக் கொண்டுவந்து, சுத்தம் செய்த செம்பின் மேல் தேய்ப்பார்கள். அப்போது சிலை வெள்ளி மாதிரி வெளுத்து நிற்கும். தீ காட்டினால் ரசம் ஆவியாகி, மங்கலான மஞ்சள் மட்டும் மிஞ்சும். அகேட் கல்லால் இழைத்த பிறகுதான் பளபளப்பு. தங்கம் செம்போடு பிணைந்துவிடுகிறது, மேலே ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. உங்கள் தொட்டியில் வருவது பட்டன் பூச்சு. ரசம் உண்டா, இல்லையா? கேள்வி அவ்வளவுதான்.

மின்முலாம்:
"பட்டன் பூச்சு" என்று சொல்ல தங்கத்தின் தடிமன் எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று தெரிய வேண்டும். மலிவு வேலையில் ஒரு மைக்ரானுக்கும் கீழே போடுவார்கள், ஒப்புக்கொள்கிறேன். காசு கொடுத்தால் ஐந்து மைக்ரானும் போடலாம். 1840இலேயே இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய தொழில் இது, நேற்று முளைத்தது இல்லை. மைக்ரான் எத்தனை என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள் அண்ணே.

சும்மாஇருப்பவன்:
முதலில் "கைவினை" என்றால் என்ன என்று ஒரு முடிவுக்கு வரலாமா? வார்ப்பா, செதுக்கா, முலாமா, எதை வைத்துச் சொல்கிறோம்?

மெழுகுக்கூடு:
மைக்ரான் இரும்புக் கடையில் கேட்க வேண்டியது. ரசம் உண்டா இல்லையா?

கும்பகோணத்தான்:
நேபாளம் நேபாளம் என்று உருகுகிறீர்களே, சுவாமிமலை கண்ணில் படவில்லையா? எங்கள் ஸ்தபதிகள் கன வார்ப்பாக ஊற்றுகிறார்கள். உள்ளே கூடு கிடையாது. முலாமே இல்லாமல் சிலை நிற்கும். அழகு குறைந்தால்தானே மேலே தங்கம் தடவ வேண்டும்?

மெழுகுக்கூடு:
வந்துவிட்டார். தம்பி, உங்கள் பஞ்சலோகத்தில் ஈயம் இருக்கிறது. ஈயம் கலந்தால் ரச முலாம் திட்டுத்திட்டாகக் கறுக்கும், பிடிக்காது. அதனால்தான் காத்மாண்டு பள்ளத்தாக்கின் நேவார் மக்கள் கிட்டத்தட்டச் சுத்தமான செம்பை எடுத்தார்கள். சுத்தச் செம்பு ஊற்றுவதற்குப் பரம எதிரி. 1,085 டிகிரி வேண்டும், சரியாக ஓடாது, குமிழி விடும், ஓட்டை விழும். ஓட்டைகளை வெட்டி எடுத்து, செம்புத் துண்டு வைத்து அடைத்து, தடம் தெரியாமல் உளியால் இழைப்பார்கள். இவ்வளவு தொல்லையும் எதற்கு? முலாம் பிடிக்க வேண்டும் என்றுதான். முலாமை முன்னால் வைத்து உலோகத்தைத் தேர்ந்தெடுத்த கலை இது. அழகு போதாமல் தடவியது என்று சொன்னால் சிரிப்புதான் வருகிறது.

நாகைத்தென்றல்:
புத்தர் சிலை பேச்சில் நாகப்பட்டினத்தை ஒருவரும் எடுக்கவில்லை. ராஜராஜன் காலத்தில் சுமத்ரா பக்கத்து ஸ்ரீவிஜய அரசன் கட்டிய சூடாமணி விகாரை எங்கள் ஊரில்தான். ஆனைமங்கலம் ஊரை அதற்கு எழுதிக் கொடுத்தார்கள். 1856இல் தொடங்கி சுமார் 350 வெண்கலப் படிமங்கள் மண்ணிலிருந்து கிடைத்தன. எழும்பூர் அருங்காட்சியகத்தில் போய்ப் பாருங்கள். அப்புறம் பாட்டனைப் பற்றிப் பேசலாம்.

கும்பகோணத்தான்:
அதைத்தான் நானும் சொன்னேன். நாகை வேலையும் சோழ நாட்டு வேலைதான்.

நாகைத்தென்றல்:
நீங்கள் சொன்னது சுவாமிமலை. போன வருடம் தஞ்சாவூர் ஓவிய இழையிலும் இப்படித்தான், நான் சொன்னதை உங்கள் கணக்கில் எழுதிக்கொண்டீர்கள்.

மின்முலாம்:
ஊர்ச்சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். மெழுகுக்கூடு இன்னும் மைக்ரான் சொல்லவில்லை. கூடவே இதற்கும் பதில் வேண்டும்: அந்தப் பாதரச ஆவி எங்கே போகிறது? தீ காட்டுபவர் மூக்குக்குத்தான். பாதரசத்தைக் கட்டுப்படுத்தவே 2013இல் மினமாட்டா உடன்படிக்கை போட்டார்கள். ஒரு ஆளின் நரம்பைக் கருக்கினால்தான் உங்களுக்கு அசல் புத்தர் கிடைப்பாரா? கருணையே உருவானவரை இப்படிச் செய்வது நன்றாகத்தான் இருக்கிறது.

மெழுகுக்கூடு:
மின்முலாமுக்குச் சயனைடு கரைத்த தொட்டி வைத்திருப்பவர் நஞ்சைப் பற்றி வகுப்பெடுக்கிறார், கேட்டுக்கொள்வோம். ஜப்பானின் நாரா நகரத்துப் பெரிய புத்தர், 15 மீட்டர் உயரம், 752இல் கண் திறந்தார்கள். அவருக்கும் ரச முலாம்தான். நேபாளச் சிற்பி அரனிகோ 1260 வாக்கில் அந்நாட்டுக் கைவினைஞர் கூட்டத்தோடு திபெத்துக்குப் போய், பிறகு மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் அவைக்கே போனார். பெய்ஜிங் வெள்ளைத் தூபி அவர் கைவண்ணம். அவர் ஊர்த் தொழில்மரபைத் தொட்டியில் முக்கிவிட்டு அதே மரபு என்று விற்காதீர்கள். ரசம் உண்டா இல்லையா என்று பில்லில் எழுதுங்கள், வாயை மூடிக்கொள்கிறேன்.

மின்முலாம்:
சயனைடு தொட்டிக்கு மூடி உண்டு, உறிஞ்சி உண்டு, கழிவுக்கு விதி உண்டு. திறந்த முற்றத்துத் தீக்கு என்ன உண்டு?

போதிநிழல்:
இரண்டு பேரும் சிலைக்கு வெளியேதான் நிற்கிறீர்கள். புத்தருக்குச் சொல்லும் 32 லட்சணங்களில் பொன்நிற மேனியும் ஒன்று. தங்கம் வந்தது அதனால். ஆனால் வழிபாட்டுக்கு அது போதாது. உள்ளே கூடாக விட்ட இடத்தில் மந்திரம் எழுதிய சுருள், தானியம், புனிதப் பொருள்கள் வைத்து, அடியில் செம்புத் தகடு அடித்து மூடுவார்கள். தகட்டில் இரட்டை வஜ்ரம் (குறுக்காக வைத்த இரண்டு வஜ்ராயுதம்) பொறித்திருக்கும். பிறகு பிரதிஷ்டைச் சடங்கு. அதுவரைக்கும் ரச முலாமும் வெறும் உலோகம்தான். இன்னொன்று: திபெத்திய முறையில் முகத்துக்குச் சுட்ட முலாமோடு விடுவதில்லை. அதன் மேல் தங்கப்பொடியைப் பசையில் குழைத்துப் பளபளப்பு இல்லாமல் பூசி, கண்ணும் உதடும் வரைந்து, கேசத்துக்கு நீலம் தீட்டுவார்கள். முகத்தில் நீங்கள் பார்க்கிற தங்கத்தில் ரசம் இல்லை.

மின்முலாம்:
கேட்டீர்களா? முகத்திலேயே ரசம் இல்லையாம்! இனி அந்தச் சிலையும் பொம்மைதானே அண்ணே?

மெழுகுக்கூடு:
அடியில் இருக்கும் முலாமைப் பற்றிப் பேசுகிறோம், மேக்கப்பைப் பற்றி இல்லை. பூச்சுக்குக் கீழே ரசம் உண்டு. போதிநிழல் எனக்குத் துணையாகப் பேசியதைக்கூட உங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை.

போதிநிழல்:
நான் யாருக்கும் துணையாகப் பேசவில்லை.

கும்பகோணத்தான்:
உள்ளே கூடு விட்டால்தான் சுருள் வைக்க முடியும், சரி. ஆனால் கன வார்ப்பின் எடையைக் கையில் வாங்கிப் பார்த்தவன் கூட்டுச் சிலை வாங்க மாட்டான்.

நாகைத்தென்றல்:
மறுபடியும் சுவாமிமலை விளம்பரம். நிர்வாகி இருக்கிறாரா?

சும்மாஇருப்பவன்:
கைவினை என்றால் என்ன என்று கேட்டேன். அந்தக் கேள்வி அப்படியே கிடக்கிறது.

மெழுகுக்கூடு:
கிடக்கவில்லை, முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன்: ரசம். ஆய்வுக்கூடத்தில் முலாமைச் சோதித்தால் மிஞ்சிய பாதரசம் காட்டிக்கொடுத்துவிடும். பழைய சிலைகளுக்கு அப்படித்தான் பார்க்கிறார்கள். மின்முலாம் தம்பி அவர் பட்டறைச் சிலை ஒன்றைச் சோதனைக்கு அனுப்பட்டும்.

மின்முலாம்:
அனுப்புகிறேன். அதே சோதனையில் முலாமின் தடிமனும் தெரியும். உங்கள் வீட்டுப் புத்தரையும் கூடவே அனுப்புங்கள், மைக்ரானைப் பார்த்துவிடலாம்.

மெழுகுக்கூடு:
என் புத்தர் பூஜையில் இருக்கிறார். உங்களுக்காக இறங்கி வர மாட்டார்.

மின்முலாம்:
நினைத்தேன்.