காண்டாமிருகம் வளர்ப்பவர் கொம்பை விற்கலாமா?

வேலிக்காரன்:
தென்னாப்பிரிக்காவில் ஜான் ஹியூம் தனியாக 2,000 வெள்ளைக் காண்டாமிருகங்களை வளர்த்து வைத்திருந்தார். காவல் செலவு தாங்காமல் 2023 ஏப்ரலில் பண்ணையோடு சேர்த்து ஏலம் விட்டார். தொடக்க விலை 1 கோடி டாலர். ஒருவர்கூடக் கேட்கவில்லை! இத்தனைக்கும் கொம்பு என்பது நகத்தில் இருக்கும் அதே கெரட்டின்தான், அறுத்தால் திரும்ப வளரும். விலங்கைக் கொல்லாமல் வருமானம் கிடைக்கும்போது, விற்காதே என்று ஏன் தடுக்க வேண்டும்?

நீலமேகம்:
யாரிடம் விற்பது என்பதுதான் சிக்கல். நாடு விட்டு நாடு விற்க 1977-லிருந்து சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) தடை இருக்கிறது. உள்நாட்டில் 2017-லேயே நீதிமன்றம் வழி திறந்துவிட்டது. ஆனால் தென்னாப்பிரிக்காவில் கொம்பை மருந்தென்று அரைத்துக் குடிக்கிறவர் யார்? கேட்பவர்கள் வியட்நாமிலும் சீனாவிலும் இருக்கிறார்கள். உள்ளூரில் வாங்கிய கொம்பு பின்வாசல் வழியாக அங்கேதான் போகும். 2008-ல் சைட்டிஸ் அனுமதியோடு சீனாவுக்கும் ஜப்பானுக்கும் தந்தம் விற்றார்கள். அதற்கப்புறம் யானை வேட்டை கூடியதே தவிரக் குறையவில்லை.

வேலிக்காரன்:
அதற்கப்புறம் கூடியது சரி, அதனால்தான் கூடியது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கொம்புக்குத் தடை இருக்கும்போதே 2014-ல் தென்னாப்பிரிக்காவில் 1,215 காண்டாமிருகங்களைக் கொன்றார்கள். அரசு பார்த்துக்கொள்ளும் க்ரூகர் தேசியப் பூங்காவில் 2010 வாக்கில் 10,000-க்கு மேல் இருந்த வெள்ளைக் காண்டாமிருகம் 2020-ல் 2,600 சொச்சம். இன்றைக்கு நாட்டில் இருப்பதில் பாதிக்கு மேல் தனியார் நிலத்தில் நிற்கிறது. தடை யாரைக் காப்பாற்றியது?

நீலமேகம்:
க்ரூகர் கணக்கில் வறட்சியையும் சேருங்கள், எல்லாம் துப்பாக்கி செய்ததில்லை. இன்னொன்று, ஹியூம் பண்ணையில் தீவனம் போட்டு வளர்த்தார்கள். அது காட்டு விலங்கா, பண்ணை மாடா?

செம்மண்:
இரண்டு பேரும் விற்பனையையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். விற்காமலே கொம்பை அறுக்கலாமே. மயக்க ஊசி போட்டு, கண்ணைக் கட்டி, காதில் துணி அடைத்து, உயிருள்ள அடிப்பாகத்தைத் தொடாமல் சங்கிலி ரம்பத்தால் அறுப்பார்கள். கீழே விழும் துகளைக்கூடக் கூட்டி அள்ளிவிடுவார்கள், அதற்கும் கள்ளச்சந்தையில் விலை உண்டு. ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அறுக்க வேண்டும். க்ரூகரை ஒட்டிய பகுதியில் 11 காப்பகங்களை 2017 முதல் 2023 வரை கவனித்த ஆய்வு 2025-ல் வந்தது. அறுத்த இடங்களில் கள்ளவேட்டை 78% குறைந்தது, செலவு மொத்தப் பாதுகாப்புச் செலவில் 1.2% மட்டும். மோப்ப நாய், கேமரா, ஆயுதக் காவல் என்று கோடிக்கணக்கில் கொட்டியும், உள்ளே வேலை செய்பவரே கும்பலுக்குத் தகவல் சொன்னால் எல்லாம் வீண்.

வேலிக்காரன்:
செம்மண் சார், அடியில் மிஞ்சும் துண்டுக்காகவே சுட்டுக் கொல்கிறார்களே. அது போக, ஒரு இடத்தில் அறுத்தால் கும்பல் அடுத்த இடத்துக்குப் போகும். 2023-ல் நாடு முழுக்க 499 செத்தன, அதில் 300-க்கு மேல் குவாசுலு-நடால் மாகாணத்தில். அறுத்த கொம்பைப் பெட்டகத்தில் பூட்டி வைத்து அதற்கும் காவல் போடுகிறார் பண்ணைக்காரர். வருமானம் இல்லாத சொத்துக்கு இரட்டைக் காவல்!

செம்மண்:
வேறு இடத்துக்குப் போகிறார்கள் என்பது உண்மை. அப்படியென்றால் எல்லா இடத்திலும் அறுக்க வேண்டும். 2024-ல் குவாசுலு-நடாலின் ஹ்லுஹ்லுவே-இம்ஃபோலோசியிலும் அதைத்தான் தொடங்கினார்கள். இந்த வெள்ளைக் காண்டாமிருகம் முழுக்க அழியப் போனபோது மிச்சமிருந்த சிறு கூட்டம் நின்ற காடு அது. அங்கேயே கொம்பில்லாமல் நிற்பதைப் பார்க்க யாருக்கும் பிடிக்காது, எனக்கும்தான். வேறு வழி?

நீலமேகம்:
இதில் நான் செம்மண் பக்கம். அறுக்கட்டும், விற்க வேண்டாம். ஹியூமின் மந்தையும் அநாதையாகிவிடவில்லை. 2023 செப்டம்பரில் ஆப்பிரிக்கன் பார்க்ஸ் அமைப்பு மொத்தமாக வாங்கியது, 10 ஆண்டுகளில் காப்பகங்களுக்குப் பிரித்து விடப் போகிறார்கள்.

வேலிக்காரன்:
பண்ணை மாடு என்றீர்களே, 2024-லேயே அதில் 40 முனிவானா காப்பகத்துக்குப் போய்விட்டன! ஹியூம் வளர்க்காமல் இருந்தால் விடுவதற்கு எது இருந்திருக்கும்? சரி, பெரிய மந்தை என்பதால் நன்கொடையோடு ஒரு அமைப்பு வந்தது. பத்துப் பதினைந்து வைத்திருக்கும் ஆளுக்கு யார் வருவார்? அவர் விற்றுவிட்டு மான் வளர்ப்புக்குப் போய்விடுவார்.

நீலமேகம்:
2022-ல் உலக வங்கி 15 கோடி டாலருக்குக் காண்டாமிருகப் பத்திரம் வெளியிட்டது. கருப்புக் காண்டாமிருகம் பெருகினால் முதலீட்டாளருக்குக் கூடுதல் பணம், பெருகாவிட்டால் அது கிடையாது. சிறிய காப்பகங்களைச் சேர்த்து அப்படி ஒன்று செய்தால் கொம்பைத் தொடவே வேண்டாம்.

வேலிக்காரன்:
அது தென்னாப்பிரிக்காவின் அடோ யானைப் பூங்கா, கிரேட் ஃபிஷ் ஆற்றுக் காப்பகம் என்று இரண்டு அரசுப் பூங்காக்களுக்கு. தனியாருக்கு அப்படி ஒரு பத்திரம் வரட்டும், கொம்பு விற்பனையைப் பற்றி நான் வாயே திறக்க மாட்டேன்.