பழைய ஃபோர்டு ஹாட் ராடுக்கு முன் ஆக்ஸில் மாட்டிய அனுபவங்கள்: மூன்று ஊர்களிலிருந்து மூவர் எழுதியது

ரிவர்சைடு, கலிஃபோர்னியா

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வெல்டர் ஒருவர் 1930 ஃபோர்டு மாடல் ஏ ரோட்ஸ்டரை ஹாட் ராடாக, அதாவது வேகத்துக்கும் தோற்றத்துக்குமாக மாற்றிய பழைய காராக, கட்டிக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமைகளில் நான் அவருக்குக் கையாள். முன் ஆக்ஸில் (முன்சக்கரங்களைத் தாங்கும் குறுக்கு அச்சு) வேலை சமீபத்தில்தான் முடிந்தது. விவரம் மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஆக்ஸில் போமோனாவின் பழைய கார், உதிரிபாகச் சந்தையில் கிடைத்தது. நான்கு அங்குலம் இறக்கிய பழைய ஃபோர்டு ஐ-பீம் (‘I’ வடிவக் குறுக்குவெட்டு கொண்டது). ஆக்ஸிலின் முனைகளைக் காய்ச்சி வளைத்து வண்டியைத் தாழ்த்துவதில் 1940-களில் பெயரெடுத்தவர் சான் டியேகோவின் எட் ஸ்டூவர்ட். இது அவர் கைபட்டதுதான் என்று விற்றவர் அடித்துச் சொன்னார். பெரியவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. யார் வளைத்திருந்தாலும் வளைந்த இடத்தில் இரும்பு இழுபட்டு மெலிந்திருக்கும் என்று சொல்லி, ஆக்ஸிலையும் சக்கரம் மாட்டும் தண்டுகளான ஸ்பிண்டில்களையும் காந்தத் துகள் சோதனைக்கு அனுப்பினார். விரிசல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார்.

ஸ்பிண்டில்கள் 1937–41 ஃபோர்டு வகை. கிங் பின் (ஸ்பிண்டில் திரும்பும் அச்சாணி) இறங்கும் வெண்கலப் புஷ்களை அழுத்தி ஏற்றும்போது அவற்றின் துளை கிரீஸ் நிப்பிளுக்கு நேராக நிற்க வேண்டும். ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) விலகினாலும் கிரீஸ் தடைபடும். அடுத்தது ரீமர், துளையை அளவுக்குக் கடையும் கருவி. மேல் புஷ்ஷையும் கீழ் புஷ்ஷையும் ஒரே கோட்டில் கடந்து போக வேண்டும். தனித்தனியாகக் கடைந்தால் இரண்டும் அளவில் சரியாகவே இருக்கும், கிங் பின் மட்டும் இறங்காது. எண்ணெய் தடவிய பின்னைப் பெரியவர் கட்டைவிரலால் தள்ளினார். தயங்காமல் இறங்கியது, ஆட்டிப் பார்த்தால் அசைவில்லை. த்ரஸ்ட் பேரிங் ஆக்ஸிலுக்கு அடியில் வரும். வண்டியின் பாரம் ஸ்பிண்டில் மேல் உட்காருவது அங்கேதான். மேலே மிஞ்சும் இடைவெளிக்கு மெல்லிய ஷிம் தகடு.

குரோம் விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பளபளவென்று வந்த ஸ்பிரிங் பெர்ச்சுகள் (ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு இணைக்கும் தாங்கிகள்) ஆக்ஸில் துளைக்குள் போக மறுத்தன. முலாம் ஏறிய கனம்தான் காரணம். சுத்தியலால் தட்டினால் மரை நசுங்கும். துளைக்குள் படிந்திருந்த துருவையும் பெயிண்டையும் ஹோன் (உரசு கல்) போட்டு நீக்கி, பெர்ச்சின் தண்டில் மட்டும் முலாமை எமரித் தாளால் தேய்த்துக் குறைத்தோம். அழகுக்காக எதற்கு வேண்டுமானாலும் முலாம் போடலாம்; ஸ்பிரிங்கின் தாய்ப் பட்டைக்கு (முனைகளில் கண் உள்ள முதன்மைப் பட்டை) போடக் கூடாது என்பது பெரியவரின் கட்சி. நானும் அந்தப் பக்கம்தான். முலாம் பூசும்போது எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகிறது. உரிய நேரத்தில் சூளையில் வைத்து வாட்டாவிட்டால், வளைந்து நிமிர்ந்தே பிழைக்கும் பட்டை என்னாவது?

குறுக்கு ஸ்பிரிங்கை மாட்டியபோது, அதன் முனைகளைப் பெர்ச்சுகளோடு இணைக்கும் ஷாக்கிள்கள் இரண்டும் கிட்டத்தட்டப் படுத்துக்கிடந்தன. ஸ்பிரிங் குட்டை, திருப்பி அனுப்பலாம் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். என்ஜின் ஏறாத சட்டத்தை வைத்து ஸ்பிரிங்கைக் குறை சொல்வது வீண். என்ஜினும் கியர்பாக்ஸும் உட்கார்ந்ததும் பட்டை நிமிர்ந்தது, அதன் கண்கள் வெளிப்பக்கம் நகர்ந்தன, ஷாக்கிள் 45 டிகிரி அளவுக்கு வந்து நின்றது. காஸ்டரையும், அதாவது கிங் பின்னின் முன்பின் சாய்வையும், அதற்குப் பிறகுதான் அளந்தோம். இந்த வண்டிகள் மூக்கு தாழ்ந்து நிற்பவை. அந்தச் சாய்வு காஸ்டரில் கை வைத்துவிடும். ஓடப்போகும் டயர்களிலேயே நிறுத்தி, கிங் பின்னின் மேல்முனை 6 டிகிரி பின்சாய்ந்திருக்கும்படி ஆக்ஸிலைச் சட்டத்தோடு இணைக்கும் ரேடியஸ் ராடுகளைத் திருகி வைத்தோம்.

டியர்போர்ன், மிச்சிகன்

ரிவர்சைடு நண்பர் சொன்னது ஐ-பீம். நான் கட்டி முடித்த வண்டியாக வாங்கியதில் இருந்தது குழாய் ஆக்ஸில், பக்கத்துக்கு ஒன்றாகக் கொண்டை ஊசி வடிவ ஹேர்பின் ரேடியஸ் ராடுகள். பார்க்க மிக அழகு. ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது, ஹேர்பின்கள் ஆக்ஸிலின் இரு முனைகளையும் எதிரெதிராக முறுக்குகின்றன. ஐ-பீம் அந்த முறுக்குக்குக் கொஞ்சம் இளகிக்கொடுக்கும். குழாய் கொடுக்காது, முறுக்கு முழுவதும் பிராக்கெட்டின் வெல்டில் போய் நிற்கும். என் வண்டியில் அங்கேதான் தலைமயிர் கனத்தில் ஒரு கோடு தெரிந்தது. பெயிண்ட் வெடிப்பு என்றுதான் முந்தைய சொந்தக்காரர் சொன்னார்; சுரண்டினால் கோடு உலோகத்திலும் தொடர்ந்தது. ஹேர்பின்களைக் கழற்றிவிட்டு, புதிய குழாய் ஆக்ஸிலுக்குப் பக்கத்துக்கு இரண்டாக நான்கு கம்பி அமைப்பைப் போட்டேன். அது இணைகரமாக அசைவதால் ஆக்ஸிலை முறுக்காது. பழமை விரும்பிகள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

ஹூஸ்டன், டெக்சஸ்

எனக்குச் சொந்த ஊர் நாமக்கல் பக்கம். லாரிப் பட்டறையில் கிங் பின் மாற்றுவதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் மேலே உள்ளதெல்லாம் பழகிய சங்கதி. லாரியில் பார்க்காத ஒன்றை இங்கே பார்த்தேன். நண்பரின் 1932 ஃபோர்டில் செவர்லே வேகா காரின் ஸ்டீயரிங் பாக்ஸ், அதிலிருந்து குறுக்கே போய்ச் சக்கரத்தைத் திருப்பும் இழுகம்பி. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முதலில் சட்டம் ஷாக்கிள்களில் பக்கவாட்டில் ஆடி நகர்கிறது, அப்புறம்தான் சக்கரம் திரும்புகிறது! சட்டமும் ஆக்ஸிலும் பக்கவாட்டில் விலகாமல் பிடிக்கும் பன்ஹார்ட் கம்பி இல்லாத குறை. இழுகம்பிக்கு இணையாக, கூடியவரை அதே நீளத்தில் ஒன்றைப் பொருத்தியதும் ஆட்டம் நின்றது. நீளமும் கோணமும் பொருந்தாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி தானாகத் திரும்பப் பார்க்கும்.

ரிவர்சைடு நண்பரே, டோ-இன் (முன்சக்கரங்கள் முன்பக்கத்தில் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) எவ்வளவு வைத்தீர்கள்? லேசர் உண்டா?

ரிவர்சைடு, கலிஃபோர்னியா

லேசரெல்லாம் இல்லை அண்ணா. டயரின் நடுவில் சாக்கட்டி தேய்த்து, சக்கரத்தைச் சுழலவிட்டு ஆணி முனையால் ஒரு கோடு. வண்டியை இறக்கி, கொஞ்சம் முன்னே உருட்டி நிறுத்திய பிறகு இரண்டு கோடுகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை முன்பக்கம் ஒருமுறை, பின்பக்கம் ஒருமுறை டேப்பால் அளந்தோம். முன்பக்கம் ஒரு நூல் குறைவாக வரும்வரை இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் டை ராடைத் திருகினோம். லாக் நட்டை முறுக்கியதும் மறுபடி அளந்துவிடுங்கள். முறுக்கும்போது அளவு நகர்கிறது.