முப்பது வருடம் ஒரே ஊர், ஒரே குரல்: வானொலி அறிவிப்பாளர்கள் பற்றி ஒரு கேள்வி

குடமுருட்டி கேட்டது:

எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமம். நான் இப்போது சென்னையில். தாத்தாவுக்கு 86 வயது, ஊரில்தான் இருக்கிறார். திண்ணையில் அவருக்கு வலது பக்கம் வெற்றிலைப் பெட்டி, இடது பக்கம் டிரான்சிஸ்டர். உள்ளே டிவி ஓடினால் ஓடட்டும், அவர் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார். அந்தக் காலத்தில் வீட்டில் ஒரு மர்பி ரேடியோப் பெட்டி இருந்தது. அதற்கு வருடா வருடம் தபாலாபீசில் 15 ரூபாய் கட்டி வாங்கிய லைசென்ஸ் புத்தகத்தை இன்னமும் பட்டா, சிட்டாவோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார். லைசென்ஸ் எல்லாம் 80களிலேயே எடுத்தாச்சு தாத்தா என்றால், "இருக்கட்டும்டா, யாராவது கேட்டா காட்டணும்ல" என்பார்.

பொங்கலுக்குப் போயிருந்தபோது ஒரு வேலை கொடுத்தார். "காலையில நேரம் சொல்லுமே ஒரு அம்மா, கொஞ்ச நாளா அது குரலையே காணும். ஒடம்பு கிடம்பு சரியில்லையான்னு விசாரி." எனக்கும் அந்தக் குரல் ஞாபகம் இருக்கிறது. பள்ளிக்கூடம் கிளம்பும்போது அந்த அம்மா நேரம் சொன்னால்தான் பாட்டி எனக்குத் தலை வாருவாள். என் அப்பா பள்ளிக்கூடம் போனபோதும் அதே குரல்தானாம். அவர் ஓய்வு பெற்று இருபது வருடமாவது ஆகியிருக்கும். தாத்தா என்னவோ போன வாரம் வரை வந்த ஆள் இந்த வாரம் வரவில்லை என்பது போலக் கேட்கிறார்.

எனக்கு இரண்டு சந்தேகம். தாசில்தார், வாத்தியார், பேங்க் மேனேஜர் என்று எல்லோரும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மூட்டை கட்டுகிறார்கள். ரேடியோவில் மட்டும் ஒருவர் எப்படி முப்பது வருடம் ஒரே ஊரில் இருந்தார்? அப்புறம், அந்த மாதிரி பழைய அறிவிப்புகளின் பதிவு எங்காவது கிடைக்குமா? தாத்தாவுக்கு ஒரு தடவை போட்டுக் காட்ட வேண்டும்.

ஒரத்தநாட்டான் பதில்:

நீங்கள் கேட்பது சரோஜ் நாராயணசுவாமியைத்தானே? காலை 7.15. "ஆகாசவாணி, செய்திகள், வாசிப்பது..." என்று தொடங்கினாலே எங்கள் டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். 2022இல் காலமாகிவிட்டார். அவர் குரல் இணையத்தில் நிறையக் கிடைக்கிறது, தேடிப் பாருங்கள்.

பழைய மைக் பதில்:

ஒரத்தநாட்டுத் தம்பி, அவர் இல்லை. சரோஜ் அம்மா டெல்லியில் உட்கார்ந்து வாசித்தார், நிலையங்கள் அதை வாங்கி அப்படியே மறு ஒலிபரப்பு செய்தன. முப்பத்தைந்து வருடம் தமிழில் செய்தி வாசித்த அவருக்குத் தமிழ்நாட்டில் எல்லா ஊரும் சொந்த ஊர்தான், ஆனால் இருந்தது டெல்லி. குடமுருட்டியின் தாத்தா கேட்பது அறிவிப்பாளரை. "நேரம் ஆறு மணி ஐந்து நிமிடம், அடுத்து..." என்று சொல்கிறவர். செய்தி வாசிப்பவருக்குப் பெயர் உண்டு. எங்களுக்கு, என் காலத்தில், பெயர் சொல்லும் வழக்கமே கிடையாது. அதனால்தான் உங்கள் தாத்தா "ஒரு அம்மா" என்கிறார்.

நானும் அந்த நாற்காலியில் பதினாறு வருடம் உட்கார்ந்திருக்கிறேன், கேஷுவலாக, அதாவது தற்காலிக அறிவிப்பாளராக. மாதத்துக்கு ஆறு நாள்தான் டியூட்டி தருவார்கள். எந்த நிலையம் என்பது வேண்டாம், காவிரித் தண்ணீர் குடிக்கிற ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இடமாற்றம் பற்றிக் கேட்டீர்கள். நிலைய இயக்குநர், நிகழ்ச்சி நிர்வாகிகள் எல்லாம் ஊர் ஊராகப் போவார்கள். அறிவிப்பாளர் கதை வேறு. முன்பெல்லாம் அவர்கள் 'ஸ்டாஃப் ஆர்டிஸ்ட்', அதாவது ஒப்பந்தக் கலைஞர்கள். வீணை வாசிக்கும் நிலைய வித்வான் எப்படியோ அப்படித்தான் அறிவிப்பாளரும். ஒரு நிலையத்துக்கென்று குரல் தேர்வு வைத்து எடுத்தார்கள், பெரும்பாலும் அங்கேயே இருந்துவிட்டார்கள். 80களில் அவர்களையும் அரசு ஊழியர்கள் என்று ஆக்கிய பிறகும் பலர் நகரவில்லை. தமிழ் அறிவிப்பாளரை போபாலுக்கு அனுப்பி என்ன செய்வது? தவிர, ஊர்ப் பெயர் பழக வேண்டும். குரல் தேர்வில் எனக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். தியாகராஜர் கிருதிகளின் முதல் வரி, ராகப் பெயர்கள், அதற்குக் கீழே நெற்பயிர்ப் பூச்சிகளான தண்டுத் துளைப்பான், இலைச்சுருட்டுப் புழு, புகையான், அதற்கும் கீழே திருக்காட்டுப்பள்ளி, திருவாவடுதுறை, திருத்துறைப்பூண்டி. மூச்சு முட்டாமல் வாசித்து முடித்தேன். "புகையான்னா என்ன?" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார். பதில் தெரிந்ததால்தான் வேலை கிடைத்தது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

காலை டியூட்டி என்றால் நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். ஆபீஸ் வண்டி வாசலில் வந்து நிற்கும். முதல் நாளே கியூ ஷீட் என்ற நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்து இசைத்தட்டுகளை எடுத்து அடுக்கியிருப்போம். 5.55க்கு அந்த அடையாள இசை. வால்டர் காஃப்மன் என்ற செக் நாட்டுக்காரர் அமைத்தது. அது முடிகிற நேரத்துக்குள் தொண்டையைச் சரிசெய்து, ஒரு மிடறு வெந்நீர் குடித்து, மைக்கைத் திறக்க வேண்டும். பிறகு வந்தே மாதரம், மங்கல இசை. பாட்டுக்கு நடுவே நாங்கள் சும்மா உட்கார்ந்திருப்போம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரு தட்டு ஓடும்போதே அடுத்த தட்டில் ஊசியை வைத்துச் சரியான இடத்தில் நிறுத்த வேண்டும், லாக் புத்தகத்தில் நேரம் எழுத வேண்டும், 7.15க்கு டெல்லி வருவதற்கு முன் நாற்பது விநாடி மிச்சம் இருந்தால் வீணையோ புல்லாங்குழலோ போட்டு நிரப்ப வேண்டும். டெல்லி ஒரு விநாடி கூடக் காத்திருக்காது.

என் பெரிய அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த இரண்டாவது மாதம். மங்கல இசைக்கு ராஜரத்தினம் பிள்ளை தோடி. நிமிடத்துக்கு 33 சுற்று வேகத்தில் சுழல வேண்டிய எல்.பி. தட்டு. தூக்கக் கலக்கத்தில் 45இல் விட்டுவிட்டேன். தோடி தேர்த்திருவிழா பீப்பியாகிவிட்டது. கை நடுங்கி நிறுத்தி, "தடங்கலுக்கு வருந்துகிறோம்" சொல்லி, மறுபடி போட்டேன். நாலாம் நாள் ஒரு போஸ்ட் கார்டு வந்தது. "அன்று காலை நாயனக்காரருக்கு என்ன அவசரம்? முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்ததா?" கையெழுத்து, ஊர், எல்லாம் இருந்தது. கோபமே இல்லை, விசாரிப்புதான். அந்தக் கார்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது.

இனி பதிவு. நாடகம், உரை, கச்சேரி என்றால் ஸ்பூல் டேப்பில் இருக்கும். அதிலும் பெரிய வித்வான் கச்சேரிதான் காப்பகத்துக்குப் போகும். மற்றதை அழித்துவிட்டு அதே டேப்பில் அடுத்த வாரம் வேறொன்று. டேப் விலை அப்படி. அறிவிப்பை யாருமே பதிவு செய்யவில்லை. நேரடியாகச் சொல்வது, சொன்னதும் போயிற்று. முப்பது வருடம் ஒருவர் தினமும் பேசியது ஒரு நிமிடம் கூட மிஞ்சாமல் போனது உண்டு. யார் வீட்டிலாவது பாட்டை கேசட்டில் பிடிக்கும்போது முன்னால் அரை வாக்கியம் சேர்ந்து விழுந்திருந்தால் உண்டு. பழைய கேசட் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள்.

குத்தாலம் குறுவை பதில்:

பழைய மைக் அம்மா சொன்ன புகையானுக்காகவே எழுதுகிறேன். எங்கள் அப்பா சாயங்காலம் கொல்லையிலிருந்து வந்ததும் கால் கழுவாமல் கேட்பது 'வீடும் வயலும்'. (டிவியில் வந்த 'வயலும் வாழ்வும்' வேறு, என் பையன் இரண்டையும் குழப்புகிறான்.) திருச்சி நிலையம் 1939லிருந்து இருக்கிறது, ஆனால் எங்கள் பக்கத்துக்கு அது சொந்தமானது 66க்குப் பிறகுதான். அப்போதுதான் ஆடுதுறை 27 வந்தது, ஏடிடீ 27. ஜப்பான் ரகத்தோடு நம் ஜிஇபி 24ஐச் சேர்த்து எடுத்த குறுவை ரகம், 105 நாளில் அறுப்பு. எந்த நாளில் நாற்று விட வேண்டும், எத்தனை மூட்டை யூரியா என்று திருச்சி ரேடியோவில் விடாமல் சொன்னார்கள். கடைசியில் நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் வந்துவிட்டது. அப்பா விதை வாங்கப் போனபோது ஆடுதுறை 27 என்று கேட்கவில்லை. "ரேடியோ நெல்லு இருக்கா?" என்றுதான் கேட்டாராம்.

இன்னொன்று, மேட்டூர் அணை நீர்மட்டம். 120 அடிக்கு எத்தனை அடி, வரத்து எத்தனை கன அடி. ஜூன் 12க்குத் திறப்பார்களா மாட்டார்களா என்ற வருடங்களில் அந்த ஒரு வரிக்காக நாலு வீட்டு ஆம்பிளைகள் எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். குரல் கொஞ்சம் தாழ்ந்தாலே அப்பா "இந்த வருஷமும் போச்சு" என்பார். எண் சொல்வதற்கு முன்பே! படிக்கிறவர் சாதாரணமாகத்தான் படித்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

கோடிக்கரை பதில்:

எங்கள் வேதாரண்யம் பக்கத்தில் திருச்சியை விட கொழும்புதான் தெளிவாகக் கேட்கும். நடுவில் உப்புத் தண்ணீர்தானே, மீடியம் வேவ் அலை அதன் மேல் நன்றாக ஓடி வரும். எங்கள் வீட்டில் இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் உறவுக்காரர்கள் மாதிரி. மயில்வாகனம் காலத்தை அப்பா சொல்வார். எனக்கு கே.எஸ். ராஜாவின் வேகம், அப்துல் ஹமீதின் உச்சரிப்பு, ராஜேஸ்வரி சண்முகத்தின் நிதானம். கொழும்பைப் பார்த்ததே இல்லை, ஆனால் அந்த ஊரில் மழை பெய்தால் எங்களுக்குத் தெரியும். அங்கே பெயர் சொன்னார்கள், பழைய மைக் அம்மா சொன்ன மாதிரி இங்கே சொல்லவில்லை. அதனால் அங்குள்ளவர்களைக் கொண்டாடிவிட்டு, நம் பக்கத்து நிலையத்தில் தினமும் நாலு மணிக்கு எழுந்தவர்களை மறந்துவிட்டோம். எனக்கே இது கொஞ்சம் உறுத்துகிறது.

கஜா புயலின்போது (2018 நவம்பர்) கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரின் ரேடியோவில் மூன்று பேட்டரி போட்டுத்தான் நாங்கள் வெளி உலகத்தைக் கேட்டோம். அதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

பழைய மைக் பதில்:

குடமுருட்டி, உங்கள் தாத்தா சொல்கிற அம்மா யார் என்று எனக்கு ஒரு ஊகம் இருந்தது. அவர் ஆறு மணியை "ஆ...று" என்று லேசாக இழுப்பாரா என்று கேளுங்கள்.

குடமுருட்டி பதில்:

கேட்டேன் அம்மா. தாத்தா யோசிக்கவே இல்லை, உடனே அதே மாதிரி சொல்லிக் காட்டினார். இழுப்பு உட்பட.

பழைய மைக் பதில்:

அவரேதான். பெயரும் ஊரும் இங்கே வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. நல்லபடியாக இருக்கிறார், முட்டிதான் வலி. நேற்று போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. "நேரம் சொன்னதையா ஞாபகம் வச்சிருக்கார்? நான் எத்தனை நாடகம் நடிச்சேன்" என்று கோபித்துக்கொண்டார். திருவையாறு ஆராதனைக்குப் பஞ்சரத்தின நேரடி ஒலிபரப்பில் அறிவிப்பு செய்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னார். பிறகு சிரித்துவிட்டு, வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். உங்களுக்குத் தனிச் செய்தியில் அனுப்பிவிட்டேன். பதினொரு விநாடிதான். அதை மூன்று தடவை அழித்து அழித்துப் பேசினாராம், தொண்டை சரியில்லை என்று.

குடமுருட்டி பதில்:

அம்மா, உங்கள் இருவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கே போய்விட்டேன். சாயங்காலம் நாலு மணி இருக்கும். தாத்தா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். போனை டிரான்சிஸ்டருக்குப் பின்னால் வைத்து, சத்தத்தைக் கூட்டிப் போட்டேன். "நேரம் ஆறு மணி ஐந்து நிமிடம்."

தாத்தா தலையைத் தூக்கி டிரான்சிஸ்டரைப் பார்த்தார். அப்புறம் கூடத்துச் சுவர்க் கடிகாரத்தை எட்டிப் பார்த்தார். மறுபடி டிரான்சிஸ்டரைப் பார்த்தார்.

"மணி நாலுதானடா ஆவுது. பாவம், அந்தம்மாவுக்கும் வயசாயிடுச்சு" என்றார்.