டிசி தந்துவிட்டார்கள், எமிஸில் விட மறுக்கிறார்கள்: யாரிடம் போவது?

அக்கா மகன், பிளஸ் ஒன், ஸ்டேட் போர்டு, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். நாமக்கல் பக்கம் ஒரு தனியார் ஹாஸ்டல் பள்ளி. அக்டோபரில் அறையில் செல்போன் பிடிபட்டது, பிறகு வார்டனோடு கைகலப்பு. நவம்பர் முதல் வாரம் வெளியே அனுப்பிவிட்டார்கள். நீக்கியதற்கு எழுத்தில் உத்தரவு இல்லை. ‘சொந்த விருப்பத்தின் பேரில் டிசி பெறுகிறேன்’ என்று மாமாவிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். (அப்படி எழுதிக் கேட்டால் யாரும் போட்டுவிடாதீர்கள்.)

டிசியில் நடத்தை ‘திருப்தி இல்லை’. அதுகூடப் பரவாயில்லை, ஈரோட்டில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி சேர்த்துக்கொள்ளத் தயார். ஆனால் எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் பதிவேடு) பையன் பழைய பள்ளிக் கணக்கிலேயே நிற்கிறான். அவர்கள் காமன் பூலுக்கு (பள்ளி மாறும் மாணவர்களின் பொதுப் பட்டியல்) தள்ளாமல் புதுப் பள்ளி அவனை எடுக்க முடியாது. இரண்டாவது தவணை ஃபீஸ் கட்டினால்தான் தள்ளுவார்களாம்.

முதல்வருக்கு ஒப்புகை அட்டையோடு கடிதம் போட்டாயிற்று. அட்டை வந்தது, பதில் இல்லை. டிசியை ஃபீஸ் வசூலிக்கும் கருவியாக்கக் கூடாது என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதையும் இணைத்திருந்தோம். பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417-இல் புகார் பதிந்திருக்கிறது. பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்னும் கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது, இவனுக்கு உதவாது.

பையன் விடியும்வரை விழித்திருக்கிறான், தட்டை அறைக்குள்ளேயே வாங்கிக்கொள்கிறான். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுகிறோம். பள்ளிக்குப் போவதுதான் நல்லது என்கிறார் டாக்டர். அதனால் தனித்தேர்வர் யோசனை வேண்டாம்.

பள்ளி ஒத்துழைக்காதபோது எமிஸ் பதிவை காமன் பூலுக்கு மாற்றித் தர மனு கொடுக்க வேண்டியது நாமக்கல் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடமா, ஈரோடு முதன்மைக் கல்வி அலுவலரிடமா?