10 மில்லிசெகண்டில் 60 ஹெர்ட்ஸ் அலை: பேட்டரியில் ஓட்டினாலும் போகவில்லை

முதுநகர் சர்வீஸ், கடலூர்

துறைமுகப் படகுகளில் மீன் பார்க்கும் எக்கோ சவுண்டருக்குப் போடும் 24 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட் கன்வெர்ட்டர் ஒன்று பெஞ்சில் இருக்கிறது. டிஎல்494 கன்ட்ரோல் ஐசி வைத்த பக் (வோல்ட்டேஜைக் குறைக்கும்) சர்க்யூட், 6 ஆம்பியர். சவுண்டரை 200 கிலோஹெர்ட்ஸில் வைத்தால் திரையில் புள்ளிப் புள்ளியாகக் கோடு விழுகிறது, 50-இல் இல்லை. இன்ஜின் ஓடி பேட்டரி 28 வோல்ட்டுக்கு ஏறினால் கோடு அதிகமாகிறது. நேராக 12 வோல்ட் பேட்டரி கொடுத்தால் சுத்தம்.

ஸ்கோப் 60 மெகாஹெர்ட்ஸ், விநாடிக்கு 1 ஜிகா சாம்பிள், சேனலுக்கு மெமரி 2500 புள்ளி. ஏசி கப்ளிங், கட்டத்துக்கு 10 மில்லிசெகண்ட் வைத்து அவுட்புட்டைப் பார்த்தால் 80 மில்லிவோல்ட் உயரத்துக்கு முக்கோண அலை. கர்சர் 60 ஹெர்ட்ஸ் காட்டுகிறது. பெஞ்ச் சப்ளையின் ஃபில்டர் கெபாசிட்டரை மாற்றியாயிற்று. சப்ளையையே கழற்றிவிட்டு இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராகப் போட்டும் அதே அலை. சூடானால் 300 ஹெர்ட்ஸ் வரை ஏறுகிறது. மின்வாரியக் கரண்ட் தொடர்பே இல்லாத இடத்தில் ஹம் (அந்தக் கரண்டிலிருந்து கலக்கும் அலை) எப்படி வரும்?

லாஸ்பேட்டை லேப்

ஹம் இல்லை சார், அலியாசிங்: புள்ளிகளை மிக மெதுவாக எடுப்பதால் வேகமான அலை மெதுவான அலையாகத் தெரிவது. பெட்டியில் போட்டிருக்கும் 1 ஜிகா எல்லா டைம்பேஸிலும் (கட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்ற அமைப்பு) கிடைக்காது. கட்டத்துக்கு 10 மில்லிசெகண்ட் என்றால் 10 கட்டத்துக்கு 100 மில்லிசெகண்ட். அதை 2500 புள்ளிக்குள் அடக்க வேண்டும். அதனால் 40 மைக்ரோசெகண்டுக்கு ஒரு புள்ளி, விநாடிக்கு 25,000 சாம்பிள்தான் மெமரிக்குப் போகும். உங்கள் கன்வெர்ட்டர் 100 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஓடும். இரண்டு புள்ளிக்கு நடுவே நான்கு அலை கடந்துவிடுகிறது. டைம்பேஸை மாற்றிப் பாருங்கள், கர்சர் காட்டும் ஹெர்ட்ஸ் மாறினால் அது பொய் அலை.

முதுநகர் சர்வீஸ்

மாற்றிப் பார்த்தேன் தம்பி. 25, 5, 2.5 மில்லிசெகண்ட் எல்லாவற்றிலும் அதே 60 ஹெர்ட்ஸ். அப்படியானால் நிஜ அலைதானே?

வில்லியனூர் மின்னணு

இல்லை. அந்தச் சோதனை உங்கள் விஷயத்தில் ஏமாற்றும். அந்த மூன்று டைம்பேஸிலும் சாம்பிள் வேகம் முறையே 10, 50, 100 ஆயிரம். முதலில் பார்த்தது 25 ஆயிரம். நான்குமே 100 ஆயிரத்தை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள். கன்வெர்ட்டர் 100.06 கிலோஹெர்ட்ஸில் ஓடினால் எதால் வகுத்தாலும் மிஞ்சுவது 60 ஹெர்ட்ஸ்தான். 1 மில்லிசெகண்டுக்கு வாருங்கள்: 250 ஆயிரம் சாம்பிள், ஓர் அலைக்கு இரண்டரைப் புள்ளி. முக்கோணம் குலைந்து வெறும் கிறுக்கலாகிவிடும்.

10 மில்லிசெகண்டில் கணக்கு இப்படி: 40 மைக்ரோசெகண்டில் 4.0024 அலை போகிறது. ஒவ்வொரு புள்ளியும் முந்தையதைவிட 0.0024 அலை தள்ளி விழும். 417 புள்ளியில் ஒரு முழு அலை வரைந்தாகிவிடும், அதற்கு 16.7 மில்லிசெகண்ட். சூட்டில் ஆர்-சி ஆஸிலேட்டர் கால் சதவீதத்துக்கும் குறைவாக நகர்ந்து 100.3 ஆனால், திரையில் 300 ஹெர்ட்ஸ். மின்வாரியக் கரண்டின் ஹம் 50, பிரிட்ஜுக்குப் பிறகு 100; சூட்டுக்கெல்லாம் ஓடாது.

கவனியுங்கள், உயரமும் வடிவமும் பொய் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் அந்த நொடியில் நிஜமாக இருந்த வோல்ட்டேஜ். 80 மில்லிவோல்ட் முக்கோணம் உண்மையான ரிப்பிள்தான் (அவுட்புட்டில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்), நேரம் மட்டும் பொய்.

கையோடு செய்து பார்க்க:

ட்ரிகரை (அலையை எங்கிருந்து வரையத் தொடங்குவது என்ற அமைப்பு) லைனுக்கு, அதாவது மின்வாரியக் கரண்டுக்கு மாற்றுங்கள். நிஜ ஹம் என்றால் அலை அசையாமல் நிற்கும், இது ஓடும். திரும்ப சேனலுக்கே வைத்தாலும், ட்ரிகர் விழுந்ததாகக் காட்டிக்கொண்டே அலை இடமும் வலமும் குதிக்கும். ட்ரிகர் அனலாக் வழியில் நிஜ அலையைப் பிடிக்கிறது. 40 மைக்ரோசெகண்ட் இடைவெளிப் புள்ளிகள் அதோடு ஒட்டுவதில்லை. இதே காரணத்தால் திரை ஓரத்தில் ட்ரிகர் அதிர்வெண் காட்டும் ஸ்கோப் என்றால் அந்த எண்ணையே நம்பலாம்.

அக்வயர் மெனுவில் பீக் டிடெக்ட் போடுங்கள். சாதாரண முறையில் ஏடிசி (வோல்ட்டேஜை எண்ணாக்கும் பகுதி) 1 ஜிகாவில் ஓடினாலும் 40,000-க்கு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடும். பீக் டிடெக்டில் எறிவதற்கு முன் அந்த இடைவெளியின் உச்சமும் அடியும் எடுத்து வைக்கப்படும். முக்கோணம் மறைந்து 80 மில்லிவோல்ட் தடிப்பில் பட்டை தெரிந்தால் முடிந்தது கதை. பொதுவாகவே தெரியாத சிக்னலை வேகமான டைம்பேஸிலிருந்து பார்த்துக்கொண்டு மெதுவாக இறங்குவதே நல்லது.

லாஸ்பேட்டை லேப்

அந்த வகுத்தல் விஷயம் சரிதான் அண்ணா. 12 மெகா புள்ளி மெமரி உள்ள ஸ்கோப் என்றால் இதே 100 மில்லிசெகண்டுக்கு 120 மெகா சாம்பிள் கிடைக்கும், இந்தத் தொல்லை வராது இல்லையா?

வில்லியனூர் மின்னணு

மெமரியில் வராது, திரையில் வரலாம். திரையின் அகலம் ஆயிரம் பிக்சல் என்று வையுங்கள், ஒரு பிக்சலுக்கு 12,000 சாம்பிள். அதில் உச்சம்-அடி பார்த்து நிமிர்ந்த கோடு வரைகிற ஸ்கோப் சரி. ஒன்றை மட்டும் பொறுக்கி வரைகிற மலிவு ரகத்தில், நிறுத்திவிட்டு ஜூம் செய்தால்தான் உண்மை தெரியும். இரண்டு சேனலைப் போட்டால் பல ஸ்கோப்பில் வேகமும் மெமரியும் பாதியாகும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

முதுநகர் சர்வீஸ்

பீக் டிடெக்டில் பட்டைதான் வருகிறது. கட்டத்துக்கு 10 மைக்ரோசெகண்டில் பத்து முக்கோணம் தெளிவாக நிற்கிறது, 100 கிலோஹெர்ட்ஸ். ஆனால் கோடு விழுவது 200-இல் ஆயிற்றே?

வில்லியனூர் மின்னணு

100-இன் இரண்டாம் ஹார்மோனிக் (இரண்டு மடங்கு அதிர்வெண்) 200-இல் போய் உட்காருகிறது. 24-இலிருந்து 12 என்றால் டியூட்டி (ஸ்விட்ச் ஆன் ஆகியிருக்கும் நேரத்தின் பங்கு) ஏறக்குறைய பாதி. பாதியில் இரட்டைப்படை ஹார்மோனிக் மிகவும் குறையும். 28 வோல்ட்டில் டியூட்டி சுமார் 43 சதவீதத்துக்கு இறங்கும், 200 தலைதூக்கும். இன்ஜின் ஓடினால் கோடு அதிகமாவது இதனால்தான்.

எஃப்எஃப்டியில் (அலையை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் முறை) பாருங்கள். கட்டத்துக்கு 100 மைக்ரோசெகண்ட், 2.5 மெகா சாம்பிள், 1.25 மெகாஹெர்ட்ஸ் வரை தெரியும். ஹானிங் விண்டோ போதும். இங்கேயும் டைம்பேஸை மெதுவாக்கினால் சிகரம் தப்பான இடத்தில் விழும். ப்ரோப்பை 1 மடங்கில் வையுங்கள்; 6 மெகாஹெர்ட்ஸ் போல்தான் வரும், இதற்கு அது தாராளம். கட்டத்துக்கு 20 மில்லிவோல்ட். 8 பிட் ஏடிசியில் கட்டத்துக்கு சுமார் 25 படி, ஆக ஒரு படி 0.8 மில்லிவோல்ட், 200 மில்லிவோல்ட்டில் வைத்தால் அதுவே 8 ஆகி ரிப்பிள் படிக்கட்டாகும். முதலைக் கிளிப்பின் நீள ஒயரைக் கழற்றிவிட்டு, முனையோடு வரும் ஸ்ப்ரிங்கால் கிரவுண்டைத் தொடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஒயரே ஸ்விட்சிங் ஸ்பைக்கை வாங்கிக் காட்டும்.

தீர்வுக்கு, டிஎல்494-இன் 5-ஆம் பின்னில் 1 நானோஃபாரட், 6-ஆம் பின்னில் 11 கிலோ ஓம் இருந்தால் 1.1-ஐ இரண்டின் பெருக்கலால் வகுக்க 100 கிலோஹெர்ட்ஸ் வரும். 9.1 கிலோ ஓம் போட்டால் 121, இரண்டாவது 242-க்குப் போய்விடும். ஸ்விட்சிங் சூடு ஐந்தில் ஒரு பங்கு கூடும், ஹீட்சிங்க்கைத் தொட்டுப் பாருங்கள்.

அதற்கும் மிஞ்சினால் அவுட்புட்டில் 10 மைக்ரோஹென்றியும் ஈஎஸ்ஆர் (கெபாசிட்டரின் உள் தடை) 50 மில்லி ஓமுக்குள் உள்ள 470 மைக்ரோஃபாரடும் போடுங்கள். 200 கிலோஹெர்ட்ஸில் காயில் 12.5 ஓம் காட்டும். சிக்னல் இருநூற்றைம்பதில் ஒன்றாகும். ஃபீட்பேக்கைக் காயிலுக்கு முன்பிருந்தே எடுக்கவும், பின்னாலிருந்து எடுத்தால் லூப் ஆடத் தொடங்கலாம். காயில் 8 ஆம்பியர் வரை சாச்சுரேட் ஆகாததாக (கோர் காந்தத்தில் நிரம்பி வேலையை இழக்காததாக) இருக்கட்டும். பழைய போர்டில் கழற்றிய சின்ன டிரம் கோர் 6 ஆம்பியரில் வெறும் ஒயராகிவிடும்.