டீன் கேமனின் பம்புகளும் ஸ்டேர்லிங் எஞ்சினும்: எங்கள் ஊர்த் தண்ணீருக்கு இதில் எது சரிவரும்?

கல்லாற்றான்:

எல்லாருக்கும் வணக்கம். உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பம் படிக்கிறேன், ஊர் மட்டக்களப்பு மாவட்டத்துப் பெரியகல்லாறு. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுக்கமாகக் கிடக்கிற நிலம், கிணற்றைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாரியில் நல்ல தண்ணீர், கண்ணகை அம்மன் சடங்கு வருகிற வைகாசியில் சவர், அதாவது உப்புச் சுவை, தட்டத் தொடங்கிவிடும். பாடசாலைச் செயற்றிட்டத்துக்காகத் தேடிக்கொண்டு போனதில் டீன் கேமன் என்கிற அமெரிக்கப் பொறியியலாளரில் வந்து நின்றுவிட்டேன். 2001இல் செக்வே என்ற இரண்டு சில்லு வண்டியைக் கொண்டுவந்தவர் என்றுதான் பலருக்கும் தெரியும், எனக்குப் பிடித்ததோ அவருடைய மற்ற வேலைகள். மருந்தைத் தானாக அளந்து ஏற்றுகிற பம்பு ஒன்று, எந்த ஊத்தைத் தண்ணீரையும் காய்ச்சி வடிக்கிற ஸ்லிங்ஷொட் என்ற இயந்திரம் ஒன்று, அதற்குக் கரண்ட் கொடுக்க எதையும் எரித்து ஓட்டக்கூடிய ஸ்டேர்லிங் எஞ்சின் ஒன்று.

என் கேள்வி இதுதான். அந்த ஸ்லிங்ஷொட்டைச் சின்னதாக நாங்கள் செய்து பார்க்க ஏலுமா? சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் அரிசி ஆலைகளில் உமி மலை மாதிரிக் குவிந்து கிடக்கிறது, அதை எரித்து ஸ்டேர்லிங் ஓட்டினால் என்ன? அது ஏலாது என்றால் அந்த மருந்துப் பம்பின் முறையைப் பிடித்துப் பாடசாலைத் தாங்கிக்குக் குளோரின் அளந்து விடலாமா? இப்போது கையால்தான் போடுகிறார்கள், ஒருநாள் மூக்கைப் பொத்த வேண்டியிருக்கிறது, மற்ற நாள் ஒன்றுமே இல்லை.

வாட்டு ரெக்னீசியன்:

தம்பி, நான் வைத்தியசாலையில் இந்த மாதிரிப் பம்புகளைத் திருத்துகிறவன், அதனால் தெரிந்த பக்கத்தை மட்டும் சொல்கிறேன். கேமன் 1951இல் பிறந்தவர். அவருடைய அண்ணன் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது, சின்னக் குழந்தைகளுக்கு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே சீராக ஏற்றுவதற்கு நம்பக்கூடிய வழி இல்லை என்று குறைப்பட்டிருக்கிறார். அதைக் கேட்டுத்தான் ஓட்டோசிறிஞ் வந்தது, 1976இல் அதே பெயரில் கம்பெனியும் தொடங்கினார். உள்ளே பெரிய மாயம் ஒன்றும் கிடையாது. ஒரு சின்ன மோட்டர் திருகாணியைச் சுற்றும், திருகாணி சிறிஞ்சின் தண்டைத் தள்ளும், எத்தனை சுற்று என்பதை வைத்து எவ்வளவு போனது என்று தெரியும். அந்த மோட்டர் ஓய்வில்லாமல் ஓடவும் தேவையில்லை, இடைக்கிடை எழும்பி ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுத் திரும்பப் படுத்துவிடும். அதனால்தான் சின்னப் பற்றரியோடு இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்க முடிந்தது. கொண்டு திரியும் சக்தி என்றதும் எல்லாரும் பெரிய பற்றரியைத்தான் தேடுகிறார்கள். இந்த மனிதர் கரண்ட் செலவைக் குறைத்த பிறகுதான் பற்றரியைப் பார்த்தார்.

ஆனால் நீ படிக்க வேண்டியது அதற்கும் பிறகு வந்தது. 1990களில் பக்ஸ்ரர் கம்பெனிக்காக அவருடைய ஆட்கள் வீட்டில் வைத்து வயிற்று வழியாக டயலிசிஸ் செய்கிற ஹோம்சொய்ஸ் என்ற இயந்திரத்தைச் செய்தார்கள். கையால் செய்கிற நோயாளி 2 லீற்றர்ப் பையை ஒரு நாளில் நாலு தரம் போல மாற்ற வேண்டும், இது இரவில் நித்திரையிலேயே அந்த வேலையை முடித்துவிடும். அதற்கு முந்திய இயந்திரங்கள் பையை உயரத்தில் தொங்கவிட்டு, இறங்குகிற தண்ணீரைத் தராசில் நிறுத்தன. அப்படியானதைக் கட்டிலில் இருந்து அசைக்க ஏலாது, தூக்கிக்கொண்டு பயணம் போகவும் ஏலாது. இவர்கள் தராசைத் தூக்கி எறிந்துவிட்டுக் காற்றால் அளந்தார்கள். பொயிலின் விதி, காற்றின் இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும் என்று நீ ஓ.எல்.லிலேயே படித்தது. கணக்கை யாராவது பொறியியல் பிள்ளை வந்து எழுதட்டும், எனக்கு நேரமில்லை, டியூட்டி.

சாய்ந்தமருது நானா:

நான் ஆர்.ஓ. பிளான்ட், அதாவது தண்ணீரை மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வால் அமுக்கி உப்பை வடிக்கிற இயந்திரம், பூட்டுகிற, திருத்துகிற ஆள். ஸ்லிங்ஷொட் பற்றி நேராகச் சொல்கிறேன், கோபப்படக் கூடாது.

ஒரு லீற்றர் தண்ணீரை 28 பாகையிலிருந்து கொதிக்க வைத்து முழுவதும் ஆவியாக்கினால் 0.7 யூனிற் கரண்ட் போகும் (ஒரு கிலோவோட் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிற்). 1000 லீற்றருக்கு 700 யூனிற், பில் வந்தால் வீட்டை விற்க வேண்டியதுதான். கேமனின் கெட்டித்தனம் அந்தச் சூட்டை வெளியே விடாததில் இருக்கிறது. வருகிற ஆவியைச் சின்ன கொம்பிரசரால் கொஞ்சம் அமுக்கினால் அதன் வெப்பநிலை ஒரு படி ஏறும், ஏறின ஆவி தண்ணீராகும்போது விடுகிற சூட்டிலேயே அடுத்த தண்ணீர் கொதிக்கும். வெளியேறுகிற சுடுதண்ணீர், உள்ளே வருகிற குளிர்த் தண்ணீரைச் சூடாக்கிவிட்டுத்தான் போகும். இப்படி ஏறக்குறைய 1 கிலோவோட்டில் ஒரு நாளைக்கு 1000 லீற்றர் என்பது அவர்களுடைய இலக்கு. அதாவது 1000 லீற்றருக்கு 24 யூனிற். 700ஐ 24 ஆக்கியது லேசான விசயமில்லை, தொப்பியைக் கழற்றுகிறேன்.

அதே 1000 லீற்றரை எங்கள் சவர்க் கிணற்றிலிருந்து ஆர்.ஓ.வால் எடுக்க 1, 2 யூனிற் போதும். கடல் தண்ணீர் என்றாலும் பெரிய பிளான்டில் 3, 4 யூனிற்தான். கொக்கா கோலா கம்பெனி சேர்ந்து 2011இல் கானாவில் பாடசாலைகளில் வைத்துப் பார்த்தும் அந்த இயந்திரம் எல்லா ஊருக்கும் போகாததற்கு வேறு காரணம் தேட வேண்டாம், விலையும் இந்தக் கணக்கும் போதும். ஸ்லிங்ஷொட் வெல்கிற இடம் ஒன்று உண்டு. தண்ணீரில் என்ன கிடக்கிறது என்றே தெரியாத இடம், மெம்பிரேன் மாற்ற ஆளோ காசோ இல்லாத இடம். எங்களுக்கு உப்புத்தானே பிரச்சினை, அதற்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

இன்னொன்று. கரையோரக் கிணற்றில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாகத்தான் மிதக்கிறது. பெரிய மோட்டரைப் போட்டு ஒரேயடியாக இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு கிணறு இறைத்தவர்கள் பலர் இதைக் கண்ணால் கண்டார்கள், இறைக்க இறைக்கச் சவர் கூடினது. அதனால் சோலாரில் மெதுவாக, நாள் முழுக்க ஓடுகிற சின்னப் பம்பு எங்கள் நிலத்துக்கு ஒரு வகையில் பெரிய மோட்டரை விடத் திறம். பலம் குறைந்தது என்று கடையில் யாரும் அதைக் காட்டவே மாட்டார்கள்.

பாலத்தடி:

கேமன் செக்வேயில ஏறிக் கல்லடிப் பாலத்தால வந்தாலும் எங்கட ஆக்கள் போத்தல் தண்ணிதான் வாங்குவினம்.

ஒலுவில் மாணவி:

பாலத்தடி அண்ணா சும்மா இருங்கள்.

உமி பற்றி யாரும் சொல்லவில்லை. ஸ்டேர்லிங் எஞ்சின் புதிதில்லை, றொபேட் ஸ்டேர்லிங் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் 1816இல் காப்புரிமை எடுத்தது. சூடு வெளியிலிருந்து வருவதால் எரிக்கிற பொருளைப் பற்றி அதற்குக் கவலையில்லை. கேமனின் எஞ்சின்களை 2005இல் பங்களாதேசில் இரண்டு கிராமங்களில் மாட்டுச் சாண வாயுவில் ஓட்டினார்கள், ஒவ்வொரு எஞ்சினும் ஒரு கிலோவோட் அளவு. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மாட்டுக்குக் குறைவில்லை, அதனால் சாணம் எனக்கு உமியை விட நல்ல யோசனையாகப் படுகிறது. உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அந்தச் சாம்பலும் பெரும்பாலும் சிலிக்கா, சூடேறுகிற குழாய்களில் படிந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு கிலோ உமியில் 14 மெகாயூல் போல இருக்கிறது, அதில் பத்தில் ஒன்றைக் கரண்டாக எடுத்தால்கூட ஒரு யூனிற்றுக்கு இரண்டரைக் கிலோ எரிய வேண்டும். அதை விடப் பெரிய தலையிடி, பலமான ஸ்டேர்லிங்குகளுக்குள் ஹீலியத்தையோ ஐதரசனையோ உயர் அழுத்தத்தில் அடைத்து வைக்க வேண்டும், சீல் கசிந்தால் எங்கள் ஊர் கராஜில் ஒன்றும் செய்ய ஏலாது. பிறகு சோலார்ப் பலகை விலை 2010க்குப் பின் மடமடவென்று விழுந்தது, யார் எஞ்சினைத் தேடுவார்கள்? 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாட்களில் இரவுக்கென்று ஒன்று இருந்திருந்தால் நல்லது என்று எனக்கும் தோன்றினதுதான், ஆனால் அதற்கு இப்போது பற்றரி வந்துவிட்டது.

சரி, காற்றால் அளக்கிற கணக்கு. 50 மில்லிலீற்றர்க் கெட்டிப் பெட்டி ஒன்று, நடுவில் றப்பர்ச் சவ்வு, ஒரு பக்கம் திரவம், மற்றப் பக்கம் காற்று. பக்கத்தில் 20 மில்லிலீற்றர் வெறும் பெட்டி, அதில் காற்றை 150 கிலோபாஸ்கலுக்கு ஏற்றி வைத்திருக்கிறோம். முதல் பெட்டியின் காற்று 100இல். இரண்டுக்கும் நடுவில் உள்ள வால்வைத் திறந்தால் அழுத்தம் சமனாகும், 120இல் நிற்கிறது என்று வையுங்கள். சின்னப் பெட்டி 30 இழந்தது, பெரிய பெட்டி 20 ஏறினது. ஆகவே பெரிய பெட்டியில் உள்ள காற்று 20 × 30 ÷ 20, அதாவது 30 மில்லிலீற்றர். 50இல் 30 காற்று என்றால் மிச்சம் 20 திரவம். திரவத்தைத் தொடாமலே அளந்தாயிற்று, ஒவ்வொரு தள்ளுக்கும் முன்னும் பின்னும் இதைச் செய்தால் போனது எவ்வளவு என்று தெரியும். எல்லாம் தனி அழுத்தம், வளிமண்டலத்தைக் கழித்த வாசிப்பைப் போட்டால் கணக்குப் பிழைக்கும். வால்வைத் திறந்த உடனே வாசிக்கவும் கூடாது, காற்றின் வெப்பநிலை ஆறக் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

கல்லாற்றான்:

அக்கா, இது விளங்கினது, மிச்சம் நன்றி. அப்ப ஸ்லிங்ஷொட்டை விடுகிறேன். குளோரின் பம்பைத்தான் செய்யப் போகிறேன். 1000 லீற்றர்த் தாங்கி. எவ்வளவு விட வேண்டும்? இந்தச் சவ்வுப் பெட்டியை நானே செய்யலாமா, அல்லது உருளை வைத்து றப்பர்க் குழாயை நசுக்குகிற பம்பு வாங்கவா? அது கடையிலேயே கிடைக்கிறது.

வாட்டு ரெக்னீசியன்:

டியூட்டி முடிந்தது. உருளைப் பம்பை வாங்கு. அந்தச் சாமான் பழையது, டிபேக்கி என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1934இல் இரத்தம் ஏற்ற அதைப் பாவித்தார், திரவம் குழாயைத் தவிர வேறெதிலும் படாது. குறை ஒன்றுதான், நசுங்கி நசுங்கிக் குழாய் தளர்ந்துவிடும், குளோரின் பட்டால் இன்னும் கெதியாகக் கெட்டுவிடும். அதனால் இத்தனை சுற்றுக்கு இத்தனை மில்லி என்று முதல் கிழமை எழுதி வைத்த கணக்கு பிறகு பொய்யாகிவிடும். மோட்டர் சுற்றினதை எண்ணாதே, போனதை அள.

அதற்குச் சவ்வுப் பெட்டி வேண்டாம். டயலிசிஸ்காரர் பயணம் போகிறவர், அவருக்காகத்தான் தராசை ஒழித்தார்கள். உன் தாங்கி எங்கேயும் எழும்பிப் போகாதே! குளோரின் போத்தலை ஒரு சின்ன இலத்திரனியல் தராசின் மேல் வை, பம்பு ஓடட்டும், தேவையான நிறை குறைந்ததும் நிற்கட்டும். கேமனுக்கு முந்தினவர்களின் முறைதான், உனக்கு அதுவே போதும்.

சாய்ந்தமருது நானா:

அளவு சொல்கிறேன். லீற்றருக்கு 1 மில்லிகிராம் என்று தொடங்கு, 1000 லீற்றருக்கு 1 கிராம் குளோரின். 5 சதவீதக் குளோரின் திரவம் என்றால் அது 20 மில்லிலீற்றர், நிறையில் 21, 22 கிராம். ஆனால் அந்தத் திரவம் வெயிலில் வைத்தால் வீரியம் போய்விடும், மட்டக்களப்பு வெயில் தெரியும்தானே, நிழலில் மூடி வை. வீரியம் போன குளோரினை எவ்வளவு சரியாக அளந்து விட்டும் பிரயோசனமில்லை. விட்டு அரை மணித்தியாலம் கழித்து மிச்சக் குளோரின் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வருகிறதா என்று பார்க்க வேண்டும், நிறம் பார்க்கிற சின்னப் பெட்டி உங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ.யிடம் இருக்கும், கேட்டால் காட்டுவார். குறைவாக வந்தால் அளவைக் கூட்டு.

பம்பைத் தாங்கியின் மிதவை சுவிச்சோடு கோத்துவிடு, தண்ணீர் ஏறும்போது மட்டும் குளோரின் போகட்டும். மோட்டர் ஒரு தரத்துக்குச் சில நிமிடம்தான் ஓடும், 10 வோட் சோலார்ப் பலகையும் சின்னப் பற்றரியும் தாராளம். கரண்ட் இல்லாவிட்டாலும் ஓடும்.

கல்லாற்றான்:

நானா, தராசுக்குள் நிறையை உணர்கிற லோட் செல் என்ற சாமானை மட்டக்களப்பு டவுனில் எங்கே எடுக்கலாம்?

ஒலுவில் மாணவி:

தனியாகத் தேடாதீர்கள் தம்பி. பழைய இலத்திரனியல் சமையலறைத் தராசு ஒன்றைக் கழற்றினால் உள்ளே அதுதான் இருக்கும், நாலு வயர், ஒரு அலுமினியத் துண்டு. நாங்கள் கம்பஸில் அப்படித்தான் எடுத்தோம். 5 கிலோத் தராசு என்றால் ஒரு கிராம் வித்தியாசம் பிடிக்கும், உங்கள் 20 கிராமுக்கு அது காணும். போத்தலில் இருந்து போகிற குழாயை மட்டும் எங்காவது இறுக்கிக் கட்டி வையுங்கள், அது ஆடினால் தராசும் ஆடும்.