மறு: மறு: ‘ஃபேக் டிஃபிகல்ட்டி’ – தமிழில் எப்படிச் சொல்வது?

> ‘செயற்கைக் கடினம்’ என்றே வைத்துவிடலாம். நேரடியாகப் புரியும்.

புரியாது ஐயா. விளையாட்டில் உள்ள எல்லாக் கடினமும் யாரோ யோசித்து வைத்ததுதானே, அதில் எதை இயற்கை என்று பிரிப்பது? ‘போலிக் கடினம்’ என்பதும் ஒட்டவில்லை. தோற்றுப்போகிற பையனுக்கு அந்தச் சிரமம் நிஜம்தான்.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஆடுகிறவனின் திறமைக் குறைவால் இல்லாமல், விளையாட்டைச் செய்த விதத்தால் வரும் சிரமத்தைத்தான் ‘ஃபேக் டிஃபிகல்ட்டி’ என்கிறார்கள். அப்படி இல்லாத ஒன்றை முதலில் சொல்கிறேன். பாம்பன் பக்கம் நெட் போனால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். 2014-இல் குரோம் பிரவுசரில் சேர்த்த அந்த டைனோசர் ஓட்ட விளையாட்டு வந்துவிடும். போகப் போக வேகம் கூடும், எப்படியும் ஓரிடத்தில் தோற்கத்தான் வேண்டும். ஆனாலும் அதை யாரும் திட்டிக் கேட்டதில்லை. கள்ளிச்செடி வருவது முன்பே தெரிகிறது. மோதலைக் கணிக்க டைனோசரின் உடம்பைச் சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரித்திருக்கிறார்கள், அதனால் வாலுக்கு மேலே உள்ள காலி இடத்தில் ஏதாவது பட்டுச் சாவதில்லை. இலவசமாகக் கிடைக்கும் பிரவுசர் விளையாட்டுகள் பலவற்றில் படத்தைச் சுற்றி ஒரே செவ்வகம்தான். வட்டமான பந்தைச் சதுரத்துக்குள் உரசினாற்போல் பொருத்தினால் சதுரத்தில் 21 சதவீதத்துக்கும் மேல் வெறும் மூலை. அந்த மூலையில் முள் பட்டாலும் ஆட்டம் முடிந்தது. “படவே இல்ல, அவுட்டுங்குது” என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கத்துவது இதைத்தான்.

அப்புறம் திரை. அடுத்த ஃபிரேமை, அதாவது அடுத்த படத்தை, வரைய நேரம் வந்ததும் அழைக்கும்படி பிரவுசரிடம் கேட்கும் ‘ரெக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம்’ என்ற கட்டளை இருக்கிறது. அது வழக்கமாகத் திரையின் புதுப்பிப்பு வேகத்தை ஒட்டியே அழைக்கப்படும். கழிந்த நேரத்தைக் கணக்கில் எடுக்காமல், ஒரு ஃபிரேமுக்கு இத்தனை புள்ளி நகரட்டும் என்று எழுதிவிட்டால், 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும்) திரையில் ஒழுங்காக ஓடுகிற விளையாட்டு 120 ஹெர்ட்ஸ் போனில் இரண்டு மடங்கு வேகத்தில் பாயும். புதுப் போன் வாங்கியவன்தான் முதலில் தோற்பான்!

தொண்டி நண்பர் ‘பார்’ என்ற சொல்லைக் கொண்டுவந்தார்: கடலடியில் மறைந்திருந்து வலையைக் கிழிக்கும் பாறை. அழகான சொல், ஆனால் இங்கே பொருந்தாது. கரையில் தெரியும் கோபுரத்தையும் விளக்கையும் அடையாளம் வைத்துப் பார் எங்கே என்று கடலுக்குப் போகிறவர்கள் சொல்லிவிடுவார்கள். அது இடம் மாறாது, கற்றுக்கொள்ளலாம். அது நேர்மையான கடினம். நாம் பெயர் தேடுவது, ஆடி ஆடிப் பழகினாலும் குறையாத ஒன்றுக்கு. என் பரிந்துரை: பழகாக் கடினம்.

– மண்டபத்திலிருந்து

அண்ணே, பார் விஷயம் சரி. ஆனால் ‘பழகாக் கடினம்’ நிற்காது. பழகிவிடுகிறார்களே! பழைய போன் பிரவுசர்களில் தொட்டபின் ஏறத்தாழ 300 மில்லிநொடி கழித்துத்தான் கிளிக் பதிவாகும், இரட்டைத் தட்டலா என்று பிரவுசர் காத்திருப்பதால். பிள்ளைகள் அதற்கும் பழகி, குழி வருமுன்பே தட்டினார்கள். அதனால் அது குறை இல்லை என்று ஆகிவிடுமா? குறை செய்தவருடையது, பெயரும் அதைத்தான் சொல்ல வேண்டும்.

நிரல் பிழைக்கு (‘பக்’) ‘வழு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் ‘வழுக்கடினம்’ என்று சேர்த்தெழுதினால் படிக்கிறவர் வழுக்கி விழுவார். ‘பழுதுக் கடினம்’ போதும். நீங்கள் சொன்ன செவ்வகமும் ஹெர்ட்ஸும் இந்தத் தாமதமும் அதில் அடங்கும்.

வேண்டுமென்றே செய்வது வேறு. தோற்கும் இடத்தில் சரியாக விளம்பரத்தை நீட்டி, ‘பார்த்தால் ஒரு லைஃப்’ என்பது பழுதில்லை, கணக்குப் போட்டுச் செய்தது. அதற்குப் புதுச்சொல்லே வேண்டாம். கோலி ஆடுகிற பிள்ளைகள் வாயில் ‘அழுகுணி ஆட்டம்’ தயாராக இருக்கிறது. அகராதிக்கு அது கொச்சை என்று யாரும் தயவுசெய்து ஆரம்பிக்க வேண்டாம்.

– கீழக்கரையிலிருந்து

‘பழுதுக் கடினம்’, ‘அழுகுணி ஆட்டம்’ இரண்டையும் கலைச்சொல் வரைவுப் பட்டியலில் ஏற்றிவிட்டேன். மோதலைக் கணிக்க வைக்கும் அந்தப் பெட்டி, அதாவது ‘ஹிட்பாக்ஸ்’, இன்னும் காலியாக இருக்கிறது. ‘மோதுபெட்டி’ என்று முன்பு ஒரு மடல் வந்தது. டைனோசருக்கே பெட்டி பல என்பதால் ‘மோதுபரப்பு’ மேல் என்று எனக்குப் படுகிறது. மறுப்பு இருந்தால் தனி இழையில் எழுதுங்கள்.

– பட்டியல் பொறுப்பாளர்